கிருலப்பனையில் கண்விழித்த மொறிஸ் மைனர்

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் உள்ள கராஜுக்கு அண்மையில் நண்பர் ஒருவருடன் சென்றிருந்தேன். அவர் கனடாவிலிருந்து வந்தவர். காலஞ்சென்ற அவருடைய தந்தையாரின் மொறிஸ் மைனர் கார் அங்கே தகரக் கொட்டகையின் மூலையில் நின்றது. 1983 ஜூலைக்குப் பின்னர் அதன் எஞ்சின் ஒரு தடவையேனும் இயங்கியதில்லை. அதை மீண்டும் இயக்கிப் பார்ப்பதற்காகவே போயிருந்தோம்.

இளைய வாசகர்களுக்கு இக்காரைப் பற்றிச் சொல்லவேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் இலண்டனில் அறிமுகமானது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. இலங்கையில் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் கடன்பட்டேனும் வாங்கிய கார். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, இருந்த கார்களையே பழுதுபார்த்து ஓட்டவேண்டியிருந்தது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளும், இல்லாத பாகத்தைத் தாமே செய்து பூட்டும் பாஸ்மாரும் அக்காலத்தில் இன்றியமையாதவர்களானார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. வரலாறு சில வேளைகளில் வந்த வழியே திரும்பி வருகிறது.

நண்பரின் தந்தையார் அரசாங்க எழுதுவினைஞர். 1958இல் காரை வாங்கினார். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் இலக்கத்தகடுகளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்பட்டது. தமிழரசுக் கட்சி எதிர்ப்புப் போராட்டம் நடத்தியது. வடக்கிலும் கிழக்கிலும் அவ்வெழுத்தின்மீது தார் பூசப்பட்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம். புதிய கார் வாசலில் நிற்க, தந்தையார் அவ்வருடம் யாழ்தேவியில்தான் ஊருக்குப் போனாராம். அந்த எழுத்தோடு ஊருக்குள் நுழைய அவருக்கு மனம் வரவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1983 ஜூலை 25ஆம் திகதி கொழும்பு எரிந்தபோது, பெற்றோல் பம்ப் பழுதடைந்த அக்கார் இதே கராஜில் நின்றது. நான் அப்போது இளம் செய்தியாளன். வெள்ளவத்தையில் வீதி நடுவே கவிழ்த்து எரிக்கப்பட்ட கார்களைக் கண்டவன். தமிழர் வீடுகளை இனங்காண வாக்காளர் பட்டியலுடன் வந்தவர்களுக்கு, ஒரு காரின் சொந்தக்காரர் யாரென்று அதன் இலக்கத்தகட்டிலிருந்து அறியமுடியவில்லை. பெரும்பாலான தகடுகளில் அதே ‘ஸ்ரீ’. கராஜுக்குள் புகுந்தவர்களிடம் சிங்களவரான பாஸ், “இது என்னுடைய கார்” என்றார். கார் தப்பியது. நண்பரின் வீடு தப்பவில்லை. குடும்பம் அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், பின்னர் கனடா சேர்ந்தது.

பாஸ் காரை விற்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் ஊற்றி மூடிவைத்திருந்தார். அவரும் இன்று இல்லை. கராஜ் மகனிடம் இருக்கிறது.

நீண்டகாலம் உறங்கிய எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்வது பெருந்தவறு என்றார் மகன். துருவினால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுழற்றினால் உடையும். டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டார். பின்னர் முன்புறத் துவாரத்தில் கைப்பிடியைச் செருகி மெல்ல அசைத்தார். முதல் நாள் அசையவில்லை. இரண்டாம் நாள் ஒரு விரற்கடை. மூன்றாம் நாள் முழுச் சுற்று வந்தது. பெற்றோல் தாங்கியின் அடியில் பிசினாகிக் கிடந்த கசடு அகற்றப்பட்டது. காபரேட்டர் கழுவப்பட்டது. பழைய எண்ணெய் மாற்றப்பட்டது. பிளக் இல்லாமலே சுழற்றி, எண்ணெய் அமுக்க விளக்கு அணையும்வரை பொறுத்திருந்தோம். புதிய பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு பொருத்தப்பட்டது. அக்கால மைனருக்கு அதுவே முறை.

நண்பர் சாவியைத் திருப்பினார். செப்பனிட்ட பெற்றோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடித்து ஓய்ந்தது. ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். இரு தடவை இருமிவிட்டு அடங்கியது. மூன்றாம் தடவை 948 சீ.சீ. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுவதும் நீலப்புகை. ஒருவரும் பேசவில்லை.

பாஸின் மகன் உள்ளே போய்ப் பொலித்தீனில் சுற்றிய பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் தந்தையாரின் பெயர் அப்படியே இருந்தது. கொழும்பில் அக்குடும்பத்தின் பெயரில் எஞ்சியிருப்பது அதொன்றுதான்.

நண்பர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு மீண்டும் அவரிடமே நீட்டினார்.

“கிழமைக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வையுங்கோ தம்பி. நான் அடுத்த வருஷமும் வருவன்.”