அமெரிக்க மகளிர் ஓபன் கோல்ஃப்: ஒரு பந்தயம் வளர்ந்த வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கோல்ஃப் சங்கம் 1894ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்தாபிக்கப்பெற்று, மறு ஆண்டே மூன்று பந்தயங்களைத் தொடங்கி வைத்தபோது, அவற்றுள் ஒன்று பெண்களுக்கே உரியதாக இருந்தது; ஆதலால், அந்நாட்டுக் கோல்ஃப் உலகம் பெண்கள் மட்டை பிடிப்பதையே வெறுத்தது என்று எழுதுவோர் சரித்திரத்தைச் சரிவரப் படித்தவர் ஆகார். 1895இல் அப்பந்தயத்தில் ஆடிய 13 சீமாட்டிகளும் பொழுதுபோக்காக ஆடியவர்கள். அவ்வாண்டிலேயே, தொழில்முறை ஆட்டக்காரரும் கலந்துகொள்ளத்தக்க ‘ஓபன்’ பந்தயம் ஆடவர்க்குத் தொடங்கிற்று. பெண்களுக்கோ அத்தகையதொன்று 1946 வரையில், அதாவது 51 ஆண்டுகள், வாய்க்கவில்லை. பெண் ஆடுவதில் ஆட்சேபம் காணாத சமூகம், அவள் ஆடிப் பிழைப்பதை ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது என்பதும், அந்த ஒப்புதலையும் மேலிடம் அருளக் காத்திராமல் ஆட்டக்காரிகளே தேடிக்கொண்டனர் என்பதும் இக்கட்டுரை நிலைநாட்ட விழையும் கருத்தாகும்.

யுத்தம் இன்னும் ஓயாத 1944இல், ஹோப் செய்னியஸ், பெட்டி ஹிக்ஸ், எல்லன் கிரிஃபின் என்னும் மூவர் கூடி, பெண்களுக்கான தொழில்முறை கோல்ஃப் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். கைப்பொருள் மிகாத அந்தச் சங்கத்துக்கு ஆதரவு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் இயங்கிய ஒரு விளையாட்டு அபிமானிகள் மன்றம், தன்னிடமிருந்த சூதாட்ட இயந்திரங்களின் வருமானத்திலிருந்து 19,700 டாலரை யுத்தக் கடன் பத்திரங்களாகப் பரிசளிக்க முன்வரவே, முதலாவது மகளிர் ஓபன் 1946இல் அந்நகரத்தில் நடந்தேறியது. சூதாட்டக் காசில் பிறந்த பந்தயமா என்று முகம் சுளிப்போர் சுளிக்கட்டும். கண்ணியம் மிக்க மன்றங்கள் திறவாத பணப்பையைத் திறந்தவர்கள் அவர்களே. யுத்தகாலத்தில் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றித் திரும்பிய பேட்டி பெர்க், இறுதிப் போட்டியில் நான்கு குழிகள் எஞ்சியிருக்கையிலேயே ஐந்து குழிகளால் முந்தி, பெட்டி ஜேம்சனை வென்று 5,600 டாலர் பெற்றார்.

இருவர் எதிர்நின்று குழி குழியாக வெல்லும் அம்முறை அந்த ஓராண்டோடு கைவிடப்பட்டு, 72 குழிகளுக்கும் எடுத்த அடிகளைக் கூட்டிப் பார்க்கும் முறை 1947இல் வந்தது. முன்னாண்டு தோற்ற ஜேம்சன் வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோவில் 295 அடிகளில் வென்று, 300க்குக் கீழே முடித்த முதற்பெண் என்ற கீர்த்தியையும் எய்தினார். ஆயினும் பணமுடை சங்கத்தைத் தளர்த்திவிட்டது. அது நலிந்த இடத்தில் எழுந்ததே, 13 பெண்கள் கையொப்பமிட்டு 1950இல் நிறுவிய, எல்.பி.ஜி.ஏ. என்று இன்று உலகம் அறிந்த ஸ்தாபனம். ஆடுவதும், அட்டவணை வகுப்பதும், பத்திரிகைக்காரருக்குச் செய்தி சொல்வதும் ஆட்டக்காரிகளின் தலையிலேயே விழுந்த அந்நாளில், ஓபன் பந்தயத்தை நடத்தும் சுமையையும் 1952 வரையில் அவர்களே சுமந்தனர். பின்னர் அவர்களே வேண்டிக்கொண்டதன் பேரில், 1953 முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கோல்ஃப் சங்கம் அதனை ஏற்றது. பெற்று வளர்த்தவர்கள் தாமே மனமுவந்து ஒப்படைத்தார்கள் என்பதை, சங்கத்தின் பெருமையை மட்டும் பேசும் நூல்கள் அழுத்திச் சொல்வதில்லை.

புதிய நிர்வாகத்துக்கு மறு ஆண்டே பெரும் பிரசித்தி வாய்த்தது. 1932 ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்கள் பெற்ற பேப் ஜஹாரியஸ், பெருங்குடல் புற்றுநோய்க்காக 1953 ஏப்ரலில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவர், 1954இல் மாஸசூஸெட்ஸின் சேலம் மைதானத்தில் 12 அடி வித்தியாசத்தில் வாகை சூடினார். இரண்டாவதாக வந்தவர், முதற்சங்கத்தை நிறுவிய மூவரில் ஒருவரான பெட்டி ஹிக்ஸ்.

நிரந்தரத்தைக் கொணர்ந்த நிர்வாகம் கண்டிப்பையும் உடன் கொணர்ந்தது என்பதற்கு 1957இல் நியூயார்க் மாநிலத்து விங்க்ட் ஃபுட்டில் நிகழ்ந்ததே சான்று. ஹவாய்த் தீவினரான ஜாக்கி பங் 298 அடிகளில் ஆட்டத்தை முடித்து வெற்றி பெற்றதாக அனைவரும் ஆரவாரித்துக்கொண்டிருக்கையில், அவர் கையொப்பமிட்ட அட்டையில் நான்காம் குழிக்கு 6 என்றிருக்க வேண்டிய இடத்தில் 5 என்று குறிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அச்சுற்றின் கூட்டுத்தொகை பிழையின்றி இருந்தும், ஒரு குழிக்கு உண்மையினும் குறைந்த எண்ணை ஒப்புக்கொண்டவர் நீக்கப்படுவார் என்ற விதிப்படி அவர் நீக்கப்பட்டார். உடன் ஆடிய ஜேம்சனும் அதே குழியில் அதே பிழைக்கு இரையானார். 299 அடிகளில் முடித்த பெட்சி ரால்ஸ் வெற்றியாளரென அறிவிக்கப்பட்டார். 1953இல் சமநிலை முறிக்கும் ஆட்டத்தில் பங்கை வென்றவரும் இவரே. மன்ற உறுப்பினர்கள் அங்கேயே பணம் திரட்டிப் பங்குக்கு அளித்த தொகை, ரால்ஸ் பெற்ற 1,800 டாலரை விஞ்சிற்று. விதியைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் பதினோராண்டுகளுக்கு முன் ஸ்போகேன் அளித்ததில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான பரிசை வழங்கிய சங்கம், கண்டிப்பில் காட்டிய சிரத்தையை நிதி திரட்டுவதில் காட்டவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ரால்ஸும் மிக்கி ரைட்டும் தலைக்கு நான்கு முறை வென்ற காலம் கழிந்து, 1965இல் இறுதிச் சுற்று முதன்முறையாகத் தொலைக்காட்சியில் வந்தது. 1967இல், டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்தின் மகளும் இருபத்திரண்டு வயது அமெச்சூருமான காதரீன் லகோஸ்த் பிரான்ஸிலிருந்து வந்து, பிழைப்புக்காக ஆடுவோர் அனைவரையும் வென்று, பரிசுப் பணம் பெறாமலே திரும்பினார். அமெச்சூர் ஒருவர் இப்பந்தயத்தை வென்றது அந்த ஒரு முறைதான்.

பந்தயத்தின் பூகோளத்தையே மாற்றியது 1998. தென் கொரியா பொருளாதார நெருக்கடியில் தவித்த அவ்வாண்டில், இருபது வயதான பாக் செ-ரி, விஸ்கான்ஸினின் பிளாக்வுல்ஃப் ரன்னில் ஜென்னி சுவாசிரிபோர்னோடு சமநிலையுற்று, அதனை முறிக்க மேலும் 20 குழிகள் ஆடி வென்றார். அதனிடையே, நீர்நிலையின் கரைச்சரிவில் சிக்கிய பந்தை, காலணியும் காலுறையும் களைந்து நீரில் இறங்கி நின்று அவர் அடித்த காட்சியைக் கொரிய நாடே கண்டது. கண்ட சிறுமியருள் ஒருத்தியான பாக் இன்-பி 2008இல் பத்தொன்பதாம் வயதில் இதே பட்டத்தை வென்றாள். 2008 முதல் 2020 வரை நடந்த 13 பந்தயங்களுள் ஒன்பதைக் கொரியப் பெண்களே வென்றனர்.

ஆடவர் ஓபன் 1972லேயே கண்ட கலிபோர்னியாவின் பெபிள் பீச் மைதானம் மகளிர் ஓபனுக்கு 2023இல்தான் திறந்தது. அங்கே வென்ற ஆலிசென் கார்ப்புஸும், பங்கைப் போலவே, ஹவாய்த் தீவினர். அவர் பெற்றது 20 லட்சம் டாலர். மறு ஆண்டு மகளிர் ஓபனின் மொத்தப் பரிசு 1 கோடியே 20 லட்சம் டாலராக உயர்ந்தது. அதே ஆண்டு ஆடவர் ஓபனின் பரிசு 2 கோடியே 15 லட்சம் டாலர்.