ஏழு கோள்களின் புகை

வெள்ளிக்கிழமை மாலையில் தணலின் மீது நாம் தூவுகின்ற சாம்பிராணிக்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வேறொரு வேலை இருந்தது. அதன் புகை வியாழன் என்னும் கோளின் ஆற்றலை ஓர் அறைக்குள் இறக்கித் தரும் என்று அங்கே கற்றறிந்தவர்களே நம்பினர். அவர்களுள் ஒருவர் ஹென்ரி கொர்னேலியஸ் அகிரிப்பா.

1486-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரில் பிறந்தவர் அவர். மறைபொருள் தத்துவம் பற்றிய தமது நூலின் முதல் வடிவத்தை இளமையிலேயே, 1510-இல், எழுதி முடித்துத் திரித்தேமியுஸ் என்னும் மடத் தலைவருக்கு அனுப்பினார். மடத் தலைவர் பாராட்டினார். ஆனால், இரகசியங்களை நம்பிக்கைக்குரிய நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளுமாறும் அறிவுரை கூறினார். அது வெற்று எச்சரிக்கையன்று. பின்னாளில் நூல் அச்சேறியபோது சமய விசாரணை அதிகாரி குறுக்கே நின்றார். அதையும் கடந்து, 1533-இல் மூன்று பாகங்களும் வெளிவந்தன.

அந்நூலின் முதற் பாகத்தில் தூபக் கலவைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. விண்ணிலுள்ள ஒவ்வொரு கோளுக்கும் மண்ணில் உறவுப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கலந்து எரித்தால் காற்று அக்கோளின் இயல்பை ஏற்கும் என்பது அவர் கொள்கை. சூரியனுக்குக் குங்குமப்பூ, கஸ்தூரி, கிராம்பு, வெள்ளைப்போளம் முதலியவை. திங்களுக்கு வெள்ளைக் கசகசா, கற்பூரம், இவற்றோடு உலர்ந்த தவளைத் தலை! செவ்வாய்க்குக் கந்தகமும் காந்தக்கல்லும். கலவையைப் பிசைய விலங்கின் இரத்தமோ மூளையோ வேண்டுமாம். அன்பு போன்ற நற்காரியங்களுக்கு விலையுயர்ந்த நறுமணம் வேண்டும். பகைக்கோ மதிப்பற்ற துர்நாற்றமே போதும். பகை மலிவாகக் கிடைப்பது என்பதை அவரும் அறிந்திருந்தார் போலும்!

இதனினும் நம்மைக் கவர்வது அவர் தரும் மற்றொரு பகுப்பு. மணமுள்ள வேர் சனிக்கு, கனி வியாழனுக்கு, மரக்கட்டை செவ்வாய்க்கு, பிசின் சூரியனுக்கு, மலர் வெள்ளிக்கு, பட்டையும் தோலும் புதனுக்கு, இலை திங்களுக்கு. இம்முறைப்படி ஜாதிக்காய் வியாழனுக்குப் போகிறது. அதனைப் போர்த்தியிருக்கும் ஜாதிபத்திரியோ புதனுக்குப் போகிறது. ஒரே கனிக்குள் இரண்டு கோள்கள்!

அந்த ஜாதிக்காய் வளர்ந்தது எங்கே? அக்காலத்தில் பண்டாத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லை. கிராம்பு மொலுக்காஸ் தீவுகளில் விளைந்தது. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் சுமத்திரா பெயர்பெற்றது. அகிரிப்பா தம் ஏட்டை மடத் தலைவருக்கு அனுப்பிய மறு ஆண்டு, 1511-இல், போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். கோள்களுக்கு உரியவை என்று அவர் எழுதிய பொருள்களுள் பல இந்தக் கடல்வழியே மேற்கே சென்ற சரக்குகள்தாம்.

சாம்பிராணியின் ஐரோப்பியப் பெயரிலும் இவ்வழியின் தடயம் உண்டு. அரபு வணிகர் அதனை 'லுபான் ஜாவி', அதாவது சாவகத்துச் சாம்பிராணி என்றனர். ஐரோப்பியர் முதலெழுத்தை விட்டுவிட, அது 'பென்ஜாமின்' என்றும் 'பென்சாயின்' என்றும் திரிந்தது.

அகிரிப்பாவின் பட்டியல்கள் எளிதில் மறையவில்லை. 1888-இல் இலண்டனில் தோன்றிய 'பொன் விடியல்' என்னும் மறைஞானச் சங்கத்தார் வரை அவற்றைப் பயின்றனர். அதற்கு முன்பே, 1801-இல், பிரான்சிஸ் பாரெட் என்பவர் அவற்றைத் தம் நூலில் பெரும்பாலும் அப்படியே எடுத்தெழுதி இலண்டனில் வெளியிட்டார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான், மொலுக்காஸிலிருந்து கிராம்பு, ஜாதிக்காய் நாற்றுகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, ஆங்கிலேயர் நம் பினாங்கு மண்ணில் நட்டுக் கொண்டிருந்தனர்.