பயிர்வெளி உயிரிழப்பு வாதம்

விலங்குகளுக்குத் தீங்கு செய்யாமல் வாழ வேண்டும் என்பதற்காகவே தாவர உணவை மட்டும் உண்கிறோம் என்று சொல்லும் வீகன்களை நோக்கி இறைச்சி உண்போர் எழுப்பும் மறுப்புகளில் மிக வலுவானது பயிர்வெளி உயிரிழப்பு வாதம். நெல்லும் கோதுமையும் சோயாவும் விளையும் நிலத்தில் உழவின்போதும் அறுவடையின்போதும் எலி, முயல், பாம்பு, தவளை, தரையில் கூடு கட்டும் பறவை எனப் பல உயிர்கள் மடிகின்றன. விளைச்சலைக் காக்க நஞ்சு வைத்துக் கொல்லப்படுபவை வேறு. ஆகவே சோறும் ரொட்டியும் கொலையின்றி வருவதில்லை. புல் மேய்ந்து வளர்ந்த ஒரு மாட்டைக் கொன்று உண்பதைவிட அவற்றுக்காகச் சாகும் உயிர்கள் அதிகமாகவும் இருக்கலாம் என்பது இதன் சாரம். வீகன்களில் பலர் இதைக் குதர்க்கம் என்று தள்ளிவிடுகிறார்கள். இறைச்சி உண்போரில் பலர் இத்தோடு வழக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டுமே சரியல்ல. வாதம் சுட்டும் உண்மை கனமானது. அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு இன்று உலகம் உண்ணும் இறைச்சியின் பெரும்பகுதிக்குப் பொருந்தாது. சாவுகளை நிலப்பரப்பின் கணக்கில் எண்ணுவதா, விளைந்த உணவின் கணக்கில் எண்ணுவதா என்பதில்தான் வழக்கின் முடிச்சு இருக்கிறது.

வாதத்துக்கு ஆய்வு வடிவம் கொடுத்தவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியராக இருந்த ஸ்டீவன் டேவிஸ். விலங்குக்கும் அதன் வாழ்வு அதற்கே முக்கியமானது, அதைப் பிறர் நலனுக்கான வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று மெய்யியலாளர் டாம் ரீகன் 1983இல் தம் விலங்குரிமை நூலில் வாதிட்டிருந்தார். டேவிஸ் 2003இல் எழுதிய கட்டுரையில் அந்த அடிப்படையை மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டே கேள்வி கேட்டார். தீங்கு மிகக் குறைந்த வழியே அறவழி என்றால், எந்த உணவுமுறையில் குறைவான உயிர்கள் சாகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? கிடைத்த சில கள ஆய்வுகளைக் கொண்டு, பயிர் நிலத்தில் ஓர் எக்டேருக்கு ஆண்டுக்கு 15 விலங்குகள் சாவதாகவும், உழவும் இயந்திர நடமாட்டமும் குறைந்த மேய்ச்சல் நிலத்தில் அதில் பாதியே சாவதாகவும் அவர் மதிப்பிட்டார். அமெரிக்காவின் 12 கோடி எக்டேர் பயிர் நிலம் முழுவதும் தாவர உணவுக்கே பயன்பட்டால் ஆண்டுக்கு 180 கோடி விலங்குகள் சாகும். பாதி நிலத்தை மாடும் ஆடும் மேயும் புல்வெளியாக்கினால் அது 135 கோடியாகக் குறையும். எனவே ரீகனின் கொள்கைப்படியே பார்த்தாலும் புல் மேயும் பெரிய விலங்குகளை உண்பதே கடமை என்று டேவிஸ் முடித்தார்.

அதே ஆண்டிலேயே மறுமொழி வந்தது. டேவிஸின் கணக்கு, ஓர் எக்டேர் பயிரும் ஓர் எக்டேர் புல்வெளியும் சம அளவு உணவு தருவதாக எடுத்துக்கொள்கிறது என்று கேவ்ரிக் மெத்தெனி சுட்டிக்காட்டினார். உண்மையில் 1,000 கிலோ புரதம் எடுக்கச் சோயாவும் மக்காச்சோளமும் பயிரிட்டால் ஓர் எக்டேர் போதும். புல் மேயும் கறவை மாடுகளின் பாலிலிருந்து அதைப் பெற 2.6 எக்டேர் வேண்டும். புல் மேயும் இறைச்சி மாடுகளுக்கு 10 எக்டேர் வேண்டும். டேவிஸ் தந்த சாவு எண்ணிக்கையையே இந்த நிலக் கணக்கோடு பெருக்கினால், அதே 1,000 கிலோ புரதத்துக்குப் பயிரில் 15 விலங்குகளும் பாலில் ஏறக்குறைய 20 விலங்குகளும் மாட்டிறைச்சியில் 75 விலங்குகளும் சாகின்றன. வெட்டப்படும் மாடுகளை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை. மனிதர் உண்பது உணவை, நிலப்பரப்பை அல்ல. ஆகவே இந்த ஒரு திருத்தமே வாதத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது. இதற்கு நேரடியான பதில் டேவிஸின் தரப்பிலிருந்து இன்றுவரை பலமாக வரவில்லை என்பதே என் கணிப்பு.

எண்ணப்படும் சாவுகள் எப்படி நேர்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் டியூ, மெக்டொனால்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அலைபரப்பிக் கருவி மாட்டிய 33 காட்டுச் சுண்டெலிகளில் அறுவடை இயந்திரத்தில் சிக்கிச் செத்தது ஒன்றுதான். கதிர் அறுக்கப்பட்டு மறைவிடம் இல்லாமல் போனதும் அடுத்த சில நாட்களில் இரைகொல்லிகளிடம் அகப்பட்டவை 17. மெய்யியலாளர் ஆண்டி லேமி 2007இல் கேட்டது இதைத்தான்: ஆந்தை பிடித்த எலியையும் இயந்திரம் அரைத்த எலியையும் ஒரே கணக்கில் எழுதலாமா? அந்த எலியைத் தின்ற ஆந்தை, அது கிடைக்காவிட்டால் வேறோர் எலியைத் தின்றிருக்கும். இதனால் அறுவடைக்குப் பொறுப்பே இல்லை என்றாகாது, மறைவிடத்தை அழித்தவர் மனிதரே. ஆனால் கூடுதலாக நேர்ந்த சாவு எத்தனை என்பதுதான் கேள்வி என்றால், எண்ணிக்கை வெகுவாகச் சுருங்குகிறது. லேமியும் பாப் ஃபிஷரும் 2018இல் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அமெரிக்கப் பயிர் விவசாயத்தில் ஆண்டுக்கு 730 கோடி விலங்குகள் வரை சாவதாகக் கணக்கிட முடியும் என்றார்கள். கூடவே, அந்த உச்ச மதிப்பீடு மிகையானது என்று கருதப் பல காரணங்கள் உண்டு என்பதையும் விளக்கினார்கள்.

ஆஸ்திரேலியாவில் வாதம் வேறு வடிவம் எடுத்தது. அங்கே கோதுமைப் பகுதிகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுண்டெலிகள் கட்டுக்கடங்காமல் பெருகும். 2021இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீடு, மருத்துவமனை, களஞ்சியம் எங்கும் அவை புகுந்தது உலகச் செய்தியானது. அப்போதெல்லாம் வயல்களில் துத்தநாக பாஸ்பைடு கலந்த தானியம் தூவப்படுகிறது. இந்தச் சாவுகளை ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, 100 கிலோ தாவரப் புரதத்துக்கு 55 விலங்குகள் சாகின்றன, மேய்ச்சல் மாட்டிறைச்சியிலோ 2.2தான் என்று தொல்லுயிரியலாளர் மைக்கேல் ஆர்ச்சர் 2011இல் எழுதினார். 25 மடங்கு என்ற அந்த எண் இன்றும் வாக்குவாதங்களில் ஓயாமல் சொல்லப்படுகிறது. இதில் உள்ள ஒருதலைச்சார்பு கவனிக்கத்தக்கது. கோதுமையின் பக்கம் வயலில் சாகும் எலி வரை எண்ணப்படுகிறது. மாட்டின் பக்கம் வெட்டப்படும் மாடு மட்டுமே எண்ணப்படுகிறது. ஆனால் கால்நடைக்காக டிங்கோ நாய்களை விலக்கிவைக்க 5,600 கிலோமீட்டருக்கும் மேல் வேலி போட்ட நாடு அது. 1080 என்ற நஞ்சை இறைச்சித் துண்டில் வைத்து அந்நாய்களைக் கொல்வதும் அங்கே வழக்கம். அமெரிக்காவில் கால்நடையைக் காக்க அரசுத் துறையே ஆண்டுதோறும் பல்லாயிரம் கயோட்டி ஓநாய்களைக் கொல்கிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத் தீவனத்துக்குப் புல் அறுக்கும் இயந்திரங்களில் மான்குட்டிகளும் முயல்குட்டிகளும் வெட்டுப்படுகின்றன. பிரேசிலில் அமேசான் காடு அழிவதற்கு முதற்காரணம் மாட்டுக்கான மேய்ச்சல் நிலம். மேய்ச்சல் என்றதும் கண்ணில் தோன்றும் பச்சைப் புல்வெளியும் சாவு நேராத இடமல்ல.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. வாதம் பேசுவது புல் மட்டுமே மேய்ந்த மாட்டைப் பற்றி. அதைச் சொல்பவரின் தட்டில் இருப்பதோ பெரும்பாலும் கோழி. உலகில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. கறிக்கோழிப் பண்ணையில் ஒரு கோழியும் புல் மேய்வதில்லை. அவற்றின் தீவனம் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். பன்றிப் பண்ணையிலும் அப்படியே. எமிலி காசிடியும் உடனாய்வாளர்களும் 2013இல் கண்டபடி, உலகப் பயிர்களின் மொத்தக் கலோரியில் 36 விழுக்காடு தீவனமாகப் போகிறது. அப்படிப் போனதில் 12 விழுக்காடுதான் மனித உணவாகத் திரும்பி வருகிறது. மக்காச்சோள வயலில் எலி செத்தது உண்மையானால், அந்தச் சோளத்தை நேரே உண்பவரைவிடக் கோழி வழியாக உண்பவர் அதே வயலிலிருந்து பல மடங்கு எடுத்துக்கொள்கிறார். பயிர்வெளிச் சாவு கோழிக்கறிக்குக் கவசமாகாது. அதன் மீதான குற்றச்சாட்டைக் கூட்டுகிறது. சரி, எல்லோரும் புல் மேய்ந்த மாட்டுக்கு மாறிவிடலாமே என்றால் நிலம் இடம் தராது. அமெரிக்காவில் இப்போது இருக்கும் மேய்ச்சல் வளத்தைக் கொண்டு அந்நாட்டின் மாட்டிறைச்சி உற்பத்தியில் 27 விழுக்காட்டைத்தான் தர முடியும் என்று மேத்யூ ஹயெக்கும் ரேச்சல் காரெட்டும் 2018இல் கணக்கிட்டுள்ளனர்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுகிறது. மேய்ச்சல் நிலம் எல்லாம் உழக்கூடிய நிலமல்ல. அங்கே புல்லைத் தவிர எதுவும் வளராது, அதை உணவாக்க மாட்டாலும் ஆட்டாலும்தான் முடியும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகக் கால்நடைகள் உண்பதில் 86 விழுக்காடு மனிதர் உண்ண இயலாத புல், வைக்கோல், தவிடு போன்றவையே. ஆட்சேபம் சரியானது, ஆனால் எதிர்பார்த்த இடத்துக்கு அது கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அதே கணக்கின்படி உலகத் தானிய விளைச்சலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கால்நடைகள் உண்கின்றன. ஜோசப் பூரும் தாமஸ் நெமெசெக்கும் 2018இல் கண்டது இன்னும் தெளிவானது: விலங்குணவை முழுவதும் விட்டால் உணவுக்கான நிலத் தேவை 76 விழுக்காடு குறையும், அதில் உழவு நிலமும் 19 விழுக்காடு குறையும். அதாவது புல்வெளியைக் கைவிட்டு அதற்கு ஈடாகப் புது வயல் உழ வேண்டியதில்லை. இருக்கும் வயலே மிஞ்சும். எனினும் மங்கோலியப் புல்வெளியிலும் சகாராவின் தென் விளிம்பிலும் மேய்ச்சலை நம்பி வாழும் மக்களிடம் இந்தக் கணக்கை நீட்டுவது நியாயமாகாது. உழ முடியாத நிலத்தில், வெளித் தீவனம் ஏதும் வாங்காமல் வளர்ந்த ஆடுமாடுகளின் இறைச்சி, தூரத்திலிருந்து வரும் தானியத்தைவிடக் குறைந்த சாவுகளோடு கிடைக்கக்கூடும். அந்த எல்லைக்குள் டேவிஸ் சொன்னது நிற்கும். வீகன்கள் அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீகன்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் நோக்கத்தைப் பற்றியது. வயலில் எலி சாவது யாரும் விரும்பாத விளைவு, மாட்டை வெட்டுவதோ வேண்டுமென்றே செய்வது என்பார்கள். இந்த வேறுபாடு உண்மையானது, ஆனால் தனியே நிற்கப் போதாது. ஆண்டுதோறும் நேரும் என்று தெரிந்தே நேர்வதை விபத்து என்று சொல்ல முடியாது. எலிக்கு நஞ்சு வைப்பதோ விபத்தே அல்ல, வேண்டுமென்றே செய்யும் கொலை. இங்கே தமிழில் நடந்த ஒரு பழைய வழக்கு துணைக்கு வருகிறது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான சமண நூல் நீலகேசி, கொன்றவன் வேறு தின்றவன் வேறு என்ற பௌத்தர் கட்சியை மறுக்கிறது: வாங்குவோர் இருப்பதால்தான் விற்பதற்குக் கொல்கிறார்கள், ஆகவே வாங்குவோருக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு என்பது அதன் நிலை. அப்படியானால் சமணத் துறவியர் ஏந்தும் மயிற்பீலி மட்டும் எப்படி வந்தது என்று எதிர்க்கட்சி மடக்குவதும், பீலி மயிலைக் கொல்லாமலே கிடைக்கும் என்று சமணர் விடை சொல்வதும் அந்த வழக்கில் உண்டு. இன்று நடக்கும் சண்டையின் எலும்புக்கூடு அதுவே. கறி வாங்குபவர் கொலைக்குப் பொறுப்பு என்று வாதிடும் வீகன், அரிசி வாங்குபவர் எலிச்சாவுக்குப் பொறுப்பல்ல என்று அதே மூச்சில் சொல்ல முடியாது. மயிற்பீலிக்குச் சொன்ன விடையில் இருக்கும் வேறுபாட்டைத்தான் அவர் பற்றிக்கொள்ள வேண்டும்: பீலி சாவில்லாமல் கிடைக்கக்கூடிய பொருள், இறைச்சி அப்படி அல்ல. அரிசியிலிருந்து எலியின் சாவைப் பிரிக்க முடியும், இன்று பிரிக்கப்படவில்லை என்றாலும். கறியிலிருந்து விலங்கின் சாவைப் பிரிக்க வழியே இல்லை.

பூச்சிகளையும் எண்ண வேண்டுமே என்பது இன்னொரு மறுப்பு. அவற்றுக்கு நோவு உண்டா என்பது தீராத ஆய்வு. உண்டு என்றே வைத்தாலும், பூச்சிக்கொல்லி தெளித்த சோளம் கோழிக்கும் போகிறது. மாட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின் சாணத்தோடு வெளிவந்து சாணவண்டுகளைக் கொல்கிறது. பூச்சியைச் சேர்த்தால் இருதரப்பு எண்ணும் பெருகும். தராசு சாய்ந்த பக்கம் மாறாது.

சாவைப் பிரிக்க முடியும் என்று சொல்பவர்கள் அதைப் பிரிக்கும் வேலையில் காட்டும் அக்கறை போதாது என்பதுதான் இவ்வாதத்தால் வீகன்கள் மீது விழும் நியாயமான குறை. இறைச்சிக்கு மாற்றாகச் சோயாக் கட்டி வாங்குவதில் உள்ள ஆர்வம், அந்தச் சோயா எப்படி விளைந்தது என்பதில் இல்லை. வழிகள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் புல் அறுக்கும் முன் வெப்பம் காணும் கேமரா பொருத்திய டிரோன்களைப் பறக்கவிட்டு மான்குட்டிகளைக் கண்டுபிடித்து அகற்றுகிறார்கள். 2021 முதல் அரசு அதற்கு நிதி தருகிறது. இஸ்ரேலில் 1980களிலிருந்து கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டி வைத்து, வயல்களில் எலி நஞ்சைக் குறைத்திருக்கிறார்கள். கூகை தின்னும் எலியும் சாகத்தான் செய்கிறது. ஆனால் உறைவெதிர்ப்பு நஞ்சு தின்ற எலி உள்ளுக்குள் குருதி கசிந்து பல நாள் கிடந்து சாவதும், அதைத் தின்ற பறவை பின்னால் சாவதும் இல்லாமல் போகிறது. நெல் வயலில் வரப்பை அகலமும் உயரமும் இல்லாமல் சிறிதாக வைத்தால் எலி வளை தோண்ட இடம் கிடைக்காது. ஊர் முழுதும் ஒரே சமயத்தில் நட்டு அறுத்தால் தொடர்ந்து தீனி கிடைக்காமல் அவை பெருகுவதும் குறையும். பிறந்த எலியைக் கொல்வதைவிட, கொல்லப்படவென்றே எலி பெருகும் நிலையைத் தடுப்பது மேல். காவிரிப் படுகை உழவர்கள் கிட்டி என்னும் எலிப்பொறியை வைப்பதற்கு முன்பே செய்துவரும் வேலை இது. சோயாவும் கோதுமையும் விளையும் பெரும்பண்ணைகளில் இதற்கு இணையான முறைகளைக் கேட்டு வாங்கும் அளவுக்கு வாடிக்கையாளர் நெருக்கடி இன்னும் உருவாகவில்லை.