பள்ளிப்படை: பெயர் மறந்து பிழைத்த கோயில்கள்

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குப் பள்ளிப்படை என்றதும் திருப்புறம்பியத்துக் காடும் நள்ளிரவுச் சதியும்தான் நினைவுக்கு வரும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த நாவல்தான், கல்வெட்டு ஆய்வாளர்களிடம் மட்டும் புழங்கிய ஒரு சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. கூடவே அதன்மேல் ஒரு பேய்க்களையையும் ஏற்றிவிட்டது. கல்வெட்டுகளில் தேடினால் அங்கே பேயைக் காணோம். மகன் தந்தைக்கும், பேரன் பாட்டனுக்கும் எடுப்பித்த சின்னஞ்சிறு சிவன் கோயில்களும், அங்கே பூசை நடக்க விட்ட நிலக் கணக்கும்தான் இருக்கின்றன. சோழர் வீட்டு இடுகாடுகள் அவை.

சொல்லின் முன்பாதி பள்ளி. மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் உள்ள தமிழிக் கல்வெட்டுகளிலேயே ‘பளிய்’ வந்துவிடுகிறது. சமண முனிவர் படுக்கப் பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய இடம் அது. படுக்கை முனிவரின் உறைவிடத்துக்குப் பெயரானது. அங்கே அவர்கள் கற்பித்ததால் பாடசாலைக்கும் பெயரானது. ஆனாலும் உறக்கப் பொருள் அழியவில்லை. பள்ளியறையும் திருப்பள்ளியெழுச்சியும் பள்ளிகொண்ட பெருமாளும் இன்றும் நம் பேச்சில் இருக்கிறார்களே.

பின்பாதி கொஞ்சம் வழுக்கும். படை என்றால் சேனை என்று கொண்டு, போரில் மாண்டவருக்கு எடுத்த கோயில்தான் பள்ளிப்படை என்பாரும் உண்டு. திருப்புறம்பியத்துப் பள்ளிப்படைக்கு உரியவனாகச் சொல்லப்படும் கங்க மன்னன் பிருதிவீபதி அவ்வூர்ப் போரில் விழுந்தவன் என்பதால் இந்த விளக்கம் அங்கே பொருந்துவதுபோலத் தோன்றும். பழையாறையில் பொருந்தாது. அங்கே பள்ளிப்படை எழுந்தது ஓர் அரசிக்கு. தொடு தொடையாகவும் விடு விடையாகவும் ஆவதுபோலப் படு என்னும் வினை படையாகிறது என்று கொள்வதே நேர். படுக்கை, படுகை எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. சுவரில் அடுக்கடுக்காக ஏற்றும் வரிசைக்கும் படை என்ற பெயருண்டு. உறங்கியவரைக் கிடத்தி, அதன்மேல் எழுப்பிய கட்டுமானம் பள்ளிப்படை.

உறங்கியவர் என்பது என் சொல் அலங்காரம் அல்ல. அரசர் இறந்தார் என்று எழுதக் கல்வெட்டின் கை கூசியது. ராஜராஜனின் தந்தை சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. தக்கோலப் போரில் யானைமேலிருந்தே உயிர்விட்ட ராஜாதித்தன் ‘ஆனைமேல் துஞ்சின’வன். துஞ்சுதல் தூங்குதல்தான். இந்த இடக்கரடக்கல் சோழருக்கும் மூத்தது. புறநானூற்று மன்னர்களில் ஒருவன் பெயரே இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். பள்ளியும் துஞ்சுதலும் ஒரே பெயரில் கூடி நிற்கின்றன.

இனி அந்தச் சோழர் குடும்பத்தைப் பார்க்கலாம். காளத்திக்கு அருகே தொண்டைமானாற்றூரில் துஞ்சிய ஆதித்த சோழனுக்கு அவன் மகன் முதலாம் பராந்தகன் கோயில் எடுத்தான். பெயர் ஆதித்தேச்சுரம், கோதண்டராமேச்சுரம் என்றும் வழங்கியது. ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சயனுக்குப் பேரன் முதலாம் ராஜராஜன், பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடியில் அறிஞ்சிகை ஈச்சுரம் எடுத்தான். ராஜராஜனின் தேவியருள் ஒருத்தியான பஞ்சவன் மாதேவிக்கு, பட்டீச்சரத்தை ஒட்டிப் பழையாறைப் பகுதியில் முதலாம் ராஜேந்திரன் காலத்தில் பஞ்சவன் மாதேவீச்சுரம் எழுந்தது. அவள் அவனுக்குச் சிற்றன்னை. பாண்டிய நாட்டிலும் வழக்கம் இருந்தது. திருச்சுழி அருகே சுந்தரபாண்டிய ஈச்சுரம் என்ற பள்ளிப்படை இருக்கும் ஊரின் பெயர் பள்ளிமடம். சிதம்பரத்தை ஒட்டிப் பள்ளிப்படை என்ற பெயரிலேயே ஓர் ஊர் உண்டு.

கோயில்களை இன்று ஊரார் எப்படி அழைக்கிறார்கள்? மேல்பாடியில் அது சோழீசுவரர் கோயில். பட்டீச்சரத்தில் ராமநாதன் கோயில். பள்ளிமடத்தில் காளைநாதர் கோயில். பள்ளிப்படை என்ற சொல் கோயில் வழக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது. பிற்காலத்தார்க்குச் சாவும் சன்னிதியும் ஒரே கூரையின்கீழ் இருப்பது தீட்டாகத் தோன்றியிருக்கலாம். காரணம் எதுவானாலும் விளைவு நல்லதாகவே முடிந்தது. செத்தவர் வீடாக மட்டும் நினைக்கப்பட்டிருந்தால், வம்சம் முடிந்ததும் அங்கே விளக்கேற்ற ஆளிருந்திருக்காது. கற்களை எடுத்துக் கரை கட்டியிருப்பார்கள். ஊருக்கு ஒரு சிவன் கோயில் வேண்டியிருந்தது, அதனால் சுவர் நின்றது.

அந்தச் சுவர்தான் சொல்லையும் வைத்திருந்தது. கல்லைக் கழுவி, நனைத்த தாளை எழுத்தின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டுவார்கள். வெட்டின் பள்ளத்தில் தாள் அமுங்கும். மேலே மை ஒற்றினால் எழுத்து மட்டும் வெள்ளையாக விழும். இப்படிப் படியெடுத்த மேல்பாடிக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ச் 1899இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சிட்டார். சோழீசுவரர் என்று கும்பிடப்படும் சாமி, அரிஞ்சயனின் நினைவாக நிற்பவர் என்று அந்தக் கல்தான் சொன்னது.

கல் சொல்லாததை நாம் சொல்லவும் கூடாது. உடையாளூரில் ராஜராஜனின் பள்ளிப்படை உள்ளது என்று பலர் நம்புகிறார்கள். 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அங்கே ஆய்வு நடத்தச் சொல்லும் அளவுக்கு விஷயம் போனது. அவ்வூர்த் தூண் கல்வெட்டு, சிவபாதசேகர தேவர் என்று ராஜராஜனைக் குறித்து, அவர் ‘திருமாளிகை’யின் முன்மண்டபம் பழுதுபட்டதைப் பேசுகிறது. திருமாளிகையைப் பள்ளிப்படை என்று பெயர்த்துச் சொல்ல, இன்னொரு சான்று வேண்டும்.

ஆகவே இக்கோயில்களைப் புதுப்பிக்க முனைவோரிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். விமானத்துக்கு வண்ணம் பிறகு பூசலாம். எழுத்து வெட்டிய அடித்தளத்துக் குமுத வரிசையில் சுண்ணாம்பு அப்பாதீர்கள், மணல் பீய்ச்சாதீர்கள், விரிசலில் முளைக்கும் அரசங்கன்றை வேர்விடும் முன்பே பிடுங்குங்கள். வாசல் பலகையில் ஊரார் வழங்கும் பெயருக்குக் கீழே கல்வெட்டுப் பெயரும், யார் யாருக்காக எடுப்பித்தது என்பதும் ஒரு வரியில் இருக்கட்டும். கும்பிட வருபவர் கும்பிடட்டும். யார் பள்ளிகொண்ட இடம் என்று தெரிந்தே கும்பிடட்டும்.