நிழற்படம் என்னும் சாட்சி

அக்கினி சாட்சி என்றனர். அம்மி சாட்சி என்றனர். வானத்து அருந்ததியையும் சாட்சிக்கு இழுத்தனர். இவற்றுள் எதுவேனும் வழக்குமன்றக் கூண்டேறி, "ஆம், இவர்கள் மணந்தது மெய்" என்று பகர்ந்ததுண்டா? வீட்டு முற்றத்தில் முக்காலி நாட்டி, கருந்துணிக்குள் தலை புதைத்து ஒருவர் எடுத்த நிழற்படமோ, கேட்டபோதெல்லாம் பகரும்.

1928-இல், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் தலைமையில் புரோகிதரின்றி நடந்த மணமே சுயமரியாதைத் திருமணங்களின் முதற்படி எனப் போற்றப்படுகிறது. அதன்பின் எத்தனை எளிய இல்லங்களில், உற்றார் சிலரும் தோழர் சிலருமே சூழ, மாலை மாற்றி மணம் முடித்தனர்! அங்கே படம்பிடிப்பவர் பணி வெறும் அலங்காரம் அன்று. உள்ளே வெளிச்சம் போதாதென்று நாற்காலிகளை முற்றத்திற்குக் கொணர்வர். கண்ணாடித் தகட்டில் உருவம் படியும்வரை அசையாதிருக்கச் சொல்வர். மணமக்கள் இருவரும் ஒத்த இருக்கையில் அமர்ந்து நேர்நோக்கும் பழம்படங்கள் உண்டு. குனிந்த தலை நிமிராமையே பெண்ணுக்கு அழகு என்றோர் அப்படங்களைக் கண்டு முகம் சுளித்திருப்பர், சுளிக்கட்டும்!

ஆயினும் படம் மெய்ப்பித்தது நிகழ்ச்சியை மட்டுமே. அந்நிகழ்ச்சி மணமே அன்று என்றது சட்டம். 1934-இல் நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாதெனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. வேள்வித் தீ இல்லை, ஏழடி இல்லை, வழிவழி வந்த வழக்கமும் இல்லையாம்! ஊரறிய இல்லறம் நடத்தியவளை மனைவியல்லள் என்றும், அவள் ஈன்ற மக்களை உரிமையற்றோர் என்றும் சொல்ல வழி பிறந்தது. சுவரில் மாட்டிய படம் என்ன செய்யும்?

1967-இல் அண்ணா ஆட்சி கொணர்ந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ மணம் செல்லும். முன்னர் நடந்த மணங்களுக்கும் அது பொருந்தும். ஊமையாய்த் தொங்கிய பழம்படங்கள் அன்று வாய் திறந்தன! பெருங்கூட்டமும் வேண்டுவதில்லை, பொது அறிவிப்புத் தேவையில்லை என்று உச்சநீதிமன்றமே 2023-இல் தெளிவுபடுத்திவிட்டது.

இன்று படம்பிடிப்போர் சிலர் மாலையை மும்முறை மாற்றச் சொல்கின்றனர். மணமக்களை மட்டும் பளிச்சிடச் செய்து, பின்னே நிற்போரை மங்கலாக்கிவிடுகின்றனர். மங்கிப்போனோர் யார்? சட்டம் கேட்கும் சாட்சிகள் அல்லரோ! சிறிய வீட்டில் பத்துப் பேரே நிற்பினும், மாலை மாறும் கையும் அப்பத்து முகங்களும் ஒரே படத்தில் தெளிவாக விழட்டும். பின்புறத்தில் நாளும், ஊரும், நின்றோர் பெயரும் மையால் எழுதப்படட்டும்.