புகையிலை வந்த வழியும் விட்ட வழியும்



ஆரணி என்றதும் வரலாறு கற்றோர்க்கு 1751-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கிளைவின் படை நிகழ்த்திய போர் நினைவுக்கு வரும். எனக்கோ பட்டுத் தறி வீடுகளின் திண்ணைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அந்த வீடுகளுள் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: தறி இருக்கும் கூடத்தில் எவரும் புகை பிடித்தல் ஆகாது. பல நாள் உழைத்து ஏற்றிய பட்டுப் பாவின்மேல் ஒரு பொறி விழுந்தால் போதும். குடும்பத்தின் ஒரு மாதத்துக் கஞ்சி போயிற்று. பீடி பிடிப்பவர் எழுந்து திண்ணைக்கு வரவேண்டும். எழுந்து வந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஆகவே குழித்தறியில் கைக்கும் காலுக்கும் ஓய்வின்றி அமர்ந்திருந்த நெசவாளர் பலர், புகையிலைத் துணுக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நெய்யப் பழகினர். புகை இல்லை, நெருப்பு இல்லை, தறியும் நிற்கவில்லை. ஆனால் புகையிலை உள்ளே புகுந்துவிட்டது. இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

புகையிலை நம் மண்ணின் செடி அன்று. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினரிடம் இருந்த அந்த இலையை, 1492-இல் கொலம்பஸுடன் சென்ற மாலுமிகள் முதன்முதலாகக் கண்டனர். 1560-இல் ழான் நிக்கோ என்னும் பிரெஞ்சுத் தூதர் லிஸ்பனிலிருந்து தம் அரசவைக்கு அதனை மருந்தென்று அனுப்பினார். அவர் பெயரே பின்னர் அச்செடியின் நஞ்சுக்கு நிக்கோடின் என்று ஆயிற்று. 1828-இல் ஜெர்மானியர் இருவர் அந்த நஞ்சினைத் தனியே பிரித்தெடுத்தனர். நம் நாட்டுக்கு அதனைக் கொண்டுவந்தோர் போர்த்துக்கீசிய வணிகர்.

1604-ஆம் ஆண்டை ஒட்டி, பீஜப்பூரிலிருந்து திரும்பிய ஆசாத் பேக் என்னும் அதிகாரி, மணி பதித்த புகைக்குழாய் ஒன்றை அக்பர் பேரரசரின் முன் வைத்தார். பேரரசர் சிறிது இழுத்துப் பார்த்தார். அரண்மனை மருத்துவர் தடுத்தார். நம் நூல்களில் இல்லாத பொருளை எப்படி ஏற்பது என்பது அவர் வாதம். எந்தப் பழக்கமும் ஒரு நாள் புதியதாக இருந்ததுதானே என்பது ஆசாத் பேக்கின் மறுமொழி. மருத்துவரின் அச்சம் சரி. அவர் காட்டிய காரணந்தான் தவறு. நூலில் இல்லை என்ற ஒன்றையே சான்றாக வைத்து வாதாடியவர் அன்றும் தோற்றார், இன்றும் தோற்பார். அக்பர் அப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. ஆனால் அவையிலிருந்த பிரபுக்கள் மேற்கொண்டனர்.

அவர் மகன் ஜஹாங்கீர் 1617-இல் புகையிலையைத் தடை செய்தார். அதே காலத்தில் பாரசீகத்து ஷா அப்பாஸும் தடை விதித்திருந்தார். இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604-இல் புகையிலையைக் கண்டித்து நூலே எழுதி, வரியையும் பன்மடங்கு ஏற்றினார். துருக்கியில் நான்காம் முராத் 1633-இல் மரண தண்டனை என்றே அறிவித்தார். தடைகள் எவையும் நிலைக்கவில்லை. ஏன் என்பதற்கு விடை ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்புகளிலேயே இருக்கிறது. பாரசீகத்துக்கு அவர் அனுப்பிய தூதர் கான் ஆலம், புகையிலை இன்றி ஒரு கணமும் இருக்க முடியாதவராம். தடை இருக்கும் நாட்டில் அவர் படும் பாட்டைக் கேள்வியுற்ற ஷா அப்பாஸ், அவருக்கு மட்டும் விலக்கு அளித்தார். அதனையும் கவிதையாகவே எழுதியளித்தார். இரண்டு பேரரசர்களின் ஆணையும் ஒரு மனிதரின் வேட்கையின்முன் வளைந்து கொடுத்தன. அந்த வேட்கையின் இயல்பை அறியாமல் ஆணையிட்டதே அவர்கள் செய்த பிழை என்பது என் துணிபு.

தமிழ்நாட்டிலோ புகையிலைக்குப் புலவர்களின் வரவேற்பே கிடைத்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையைத் தூதாக விடுத்துப் பழனி முருகன்மேல் ஒரு நூல் பாடினார். "புகையிலை விடு தூது" என்னும் அதனைப் பதிப்பித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அதில் ஒரு கதை வருகிறது. மும்மூர்த்திகளுக்குள் வழக்கு எழ, சிவனிடம் வில்வமும், திருமாலிடம் துளசியும், பிரமனிடம் புகையிலையும் கொடுத்து, மறுநாள் கொண்டுவருமாறு கூறினராம். வில்வத்தைக் கங்கை அடித்துச் சென்றது. துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. பிரமனின் இலை கலைமகளின் நாவில் பத்திரமாக இருந்தது. எம் இலை போயிற்று என்று மற்றவர்கள் சொல்ல, எம் இலை "போகையிலை" என்றானாம் பிரமன், வழக்கிலும் வென்றானாம். வேடிக்கைக்காகப் புலவர் கட்டிய சொல் அது. விட முயன்ற எவருக்கும் அதன் பொருள் நன்கு விளங்கும். போகச் சொன்னால் போகாத இலை!

நம்மவர் சுருட்டும் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் "செரூட்" என்று வழங்கும் சொல் நம் "சுருட்டு"தான். திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைக் கண்டே ஷெர்லக் ஹோம்ஸ் துப்புத் துலக்குவதாகக் கானன் டாயில் 1887-இல் எழுதினார். அன்று அதனைப் பெருமையாகவே எண்ணியிருப்பர்.

பெருமை முறிந்தது 1950-ஆம் ஆண்டில். இங்கிலாந்தில் ரிச்சர்டு டால் என்னும் மருத்துவரும் பிராட்போர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞரும், நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று ஆராய்ந்தனர். சாலைகளுக்கு இடும் தாரே காரணமாக இருக்கும் என்று டால் முதலில் கருதினார். நோயாளிகளின் விடைகளைத் தொகுக்கத் தொகுக்கக் குற்றவாளி சிகரெட்டே என்று தெரிந்தது. டால் அப்போது புகைப்பவர். ஆராய்ச்சி முடியுமுன்னரே அவர் நிறுத்திவிட்டார். மன்னரின் ஆணை செய்ய இயலாததைத் தம் கையாலேயே எழுதிய ஓர் அட்டவணை செய்தது.

நம் பக்கத்துச் செய்தி இன்னும் நெருங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையத்தைத் தொடங்கச் செய்தார். காஞ்சிபுரத்தில் பிறந்து முதலமைச்சராக உயர்ந்த அறிஞர் அண்ணாவுக்குப் புகையிலை மெல்லும் வழக்கம் இருந்தது. அவர் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகி, 1968-இல் நியூயார்க்கில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு, 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். வயது 59. பின்னர் 2003-இல், டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் சென்னையிலும் விழுப்புரத்து ஊர்களிலும் நிகழ்ந்த சுமார் 43,000 ஆடவர் மரணங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். புகைப்பவர் காசநோயால் இறப்பது, புகைக்காதவரினும் நான்கு மடங்குக்கு மேல் என்று கண்டனர். விழுப்புரம் எங்களுக்கு அண்டை மாவட்டம். அந்தக் கணக்கில் உள்ள முகங்களை நான் அறிவேன் என்றே எனக்குத் தோன்றிற்று.

இனி என் கதையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இவ்வுரை நேர்மையாகாது. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில் எனக்குச் சிகரெட் பழக்கம் வந்தது. பணியில் சேர்ந்த பின்னும் தொடர்ந்தது. 1998-இல் ஆரணியை அடுத்த ஒரு பள்ளியில் உதவி ஆசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் சுற்றுச்சுவருக்குப் பின்னால் பீடியுடன் பிடித்து என்னிடம் கொண்டுவந்தனர். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, கெட்டிக்காரன். எந்தக் கடையில் வாங்கினாய் என்று அதட்டினேன். அவன் தலை நிமிராமல், "நீங்க சிகரெட் வாங்க அனுப்புற கடையில்தான் சார்" என்றான். ஆம், இடைவேளைகளில் அவனைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அக்காலத்தில் அதனை எவரும் தவறென்று எண்ணவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதையும், கல்விக்கூடங்களிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் தடுக்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. அன்று அந்தப் பையனை நான் தண்டிக்கவில்லை. தண்டிக்க எனக்கு வாய் ஏது?

அன்று மாலையே சபதம் செய்தேன். நான்காம் நாள் சபதம் முறிந்தது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் முறிந்தது. சபதத்தால் விட முடியாத காரணம் எனக்கு அப்போது தெரியாது. இழுத்த புகையிலிருந்து நிக்கோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. அங்கே இன்ப உணர்வை எழுப்புகிறது. இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. உடனே மூளை மீண்டும் கேட்கிறது. நிறுத்தியவருக்கு முதல் இரண்டு மூன்று நாட்களே மிகக் கடுமை: எரிச்சல், உறக்கமின்மை, எதிலும் மனம் பதியாமை. மூன்று நான்கு வாரங்களில் அது தணிகிறது. நான் அந்தக் கடுமையின் உச்சியிலேயே ஒவ்வொரு முறையும் கைவிட்டு ஓடிவந்திருக்கிறேன்.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் தெருவில் தறி வைத்திருந்த முதியவர் ஒருவர். கன்னத்துக்குள் வெண்படலம் கண்டு மருத்துவர் எச்சரித்ததால், நாற்பது ஆண்டுப் புகையிலையை விட்டவர் அவர். முதலில் வெறும் பாக்கை மென்று பார்த்தாராம். அதுவும் ஆகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். (பாக்கே புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்டது.) பின்னர் ஏலக்காயும் சோம்பும் வைத்துக்கொண்டார். எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன்.

"விடணும்னு நினைக்கலை, வாத்தியார் ஐயா. ஆசை வந்தா, நாடா இருநூறு தரம் போய் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு நெய்வேன். இருநூறு ஆகறதுக்குள்ளே அது போயிருக்கும். போகலைன்னா இன்னொரு இருநூறு" என்றார்.

அவர் அருகில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருநூறு முறை நாடா ஓட நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. வேட்கை என்பது அலைபோல் எழுந்து சில நிமிடங்களில் தானே அமிழ்வது என்று இன்றைய மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஏட்டுப் படிப்பு அதிகமில்லாத அந்த முதியவர் அதனைத் தறியில் அமர்ந்தபடியே அளந்து வைத்திருந்தார்.

எனக்குத் தறி இல்லை. கட்டுரை நோட்டுகள் இருந்தன. ஆசை எழும்போதெல்லாம் இரண்டு நோட்டுகளைத் திருத்தி முடித்த பின்னரே முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டேன். காப்பி குடித்தவுடன் கை தானே சட்டைப் பையைத் தேடும். ஆகையால் சில வாரம் காப்பியை விட்டு மோர் குடித்தேன். திண்ணை நண்பர்களிடம், என்னிடம் நீட்டவேண்டா என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அந்த மாதம் என் மாணவர்களின் நோட்டுகள் திருத்தப்பட்டதுபோல் வேறு எப்போதும் திருத்தப்பட்டதில்லை. 39-ஆம் வயதில் நிறுத்தினேன். ஐம்பது ஆண்டுகள் ஆங்கில மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த டால், நாற்பதை ஒட்டி நிறுத்துவோர் சுமார் ஒன்பது ஆண்டு ஆயுளை மீட்கின்றனர் என்று 2004-இல் எழுதியதைப் படித்தபோது, அந்த முதியவரிடம் சென்று சொன்னேன். அறுபதில் நிறுத்தினால் எத்தனை என்று கேட்டார். மூன்று என்றேன். மூன்று வருடத்தில் எத்தனை புடவை நெய்யலாம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

கன்னத்தில் அடக்கிய புகையிலைக்கு மீண்டும் வருவேன் என்றேன் அல்லவா? நீர்மூழ்கிக் கப்பலில் புகை பிடிக்க இயலாத சுவீடன் நாட்டு மாலுமிகள் மெல்லும் புகையிலைக்கு மாறுவதை, லுண்டு நகரத்து ஆய்வாளர் ஒருவர் 1967-இல் கவனித்து, மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய ஊவே பெர்னோ என்பவருக்கு எழுதினார். வாய்வழியாகவே நிக்கோடினைத் தந்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்தால் என்ன என்று பெர்னோ சிந்தித்தார். அவர் உருவாக்கிய மெல்லும் பசை 1978-இல் சுவிட்சர்லாந்தில் மருந்தாக ஏற்கப்பட்டது. இன்று நம் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆரணித் தறிக்கூடத்திலும் அதே காட்சிதான் தலைமுறைகளாக நடந்தது. பார்த்து எழுதுவார் இல்லை.

உதவி நம் நாட்டிலும் வந்தது. 2002-இல் மைய அரசும் உலக நலவாழ்வு நிறுவனமும் சேர்ந்து பதின்மூன்று இடங்களில் புகையிலை மீட்பு மையங்களைத் தொடங்கின. அவற்றுள் அடையாறும் ஒன்று. 2018 முதல் பெட்டிகளின்மேல் 1800-11-2356 என்னும் இலவச எண் அச்சிடப்படுகிறது. ஆயினும் 2009-10-இல் தமிழ்நாட்டுப் பெரியோருள் 16.2 விழுக்காட்டினராக இருந்த புகையிலைப் பயனாளர், 2016-17-இல் 20 விழுக்காடாயினர். நாடு முழுவதிலும் குறைந்தபோது இங்கே கூடிற்று.

அந்த மாணவன் இப்போது நடுவயதினன். சொந்தத் தறி வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, தெருவில் யாரோ பற்றவைத்த சிகரெட்டின் மணம் காற்றில் வந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் வலக்கை சட்டைப் பைக்குச் சென்றது. அவன் அதனைப் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்த் தறியில் அமர்ந்தான். நாடா ஓடும் ஓசை கேட்கத் தொடங்கிற்று. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று முப்பதோ நூற்று நாற்பதோ ஆகும்போது, அவன் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள்.