துரையின் மொழியும் கிராணியின் வேலையும்: லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகளின் கதை

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடலாம் என்று கோலா கெத்தில் பக்கம் ஒரு வீட்டில் சொல்லிப் பாருங்கள். அப்பா விலை கேட்பார். பையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்: "அதுல கேம் ஓடுமா அண்ணே?"

இன்றைக்கு அது விளையாட்டுத்தனமான கேள்வி இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால் பெட்டிக்குள் குறிப்பிட்ட பாதுகாப்புச் சிப்பும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும். பழைய பெட்டிகளில் பலவற்றுக்கு அந்தத் தகுதி கிடையாது. மின்சாரம் கொடுத்தால் ஓடுகிற பெட்டிதான். கம்பெனிதான் அதைக் கைவிட்டுவிட்டது. அதற்கு மிச்சமிருக்கும் வழி லினக்ஸ். பையனின் கேள்விக்கு இன்று 'பெரும்பாலும் ஓடும்' என்று பதில் சொல்ல முடிகிறது. அந்த பதில் வர முப்பது வருஷம் ஆனது.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடலாம். விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டும் லினக்ஸும் ஒரே வகைச் சிப்பில்தான் ஓடுகின்றன. கூட்டு, கழி, ஒப்பிடு என்ற அடிப்படைக் கட்டளைகள் இரண்டுக்கும் பொது. ஆனால் ஒரு கோப்பைத் திறக்க, திரையில் படம் வரைய, சத்தம் எழுப்ப, விளையாட்டு ஒவ்வொரு தடவையும் விண்டோஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. லினக்ஸுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. யாரும் பதில் சொல்லாததால் விளையாட்டு அங்கேயே விழுந்துவிடுகிறது.

தோட்டத்துப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். துரைக்குத் தெரிந்தது ஆங்கிலமும் கொஞ்சம் உடைந்த தமிழும். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் கிராணி நிற்கிறார். துரை கேட்டதை இந்தப் பக்கம் புரிகிற மாதிரி சொல்லி, வேலை நடந்ததும் கணக்கைத் துரைக்குப் புரிகிற மாதிரி திருப்பிக் கொடுக்கிறார். வைன் என்ற மென்பொருள் செய்வது இந்த வேலைதான். எமுலேட்டர் வேறு. அது ஒரு முழு இயந்திரத்தையே பொய்யாகக் கட்டியெழுப்பி அதற்குள் விளையாட்டை ஓட்டும். அதனால் வேகம் குறையும். அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் 'வைன் ஓர் எமுலேட்டர் அல்ல' என்பதையே தன் பெயரின் விரிவாக வைத்துக்கொண்டது.

வைன் 1993-இல் தொடங்கியது. லினக்ஸுக்கே அப்போது இரண்டு வயதுதான். விண்டோஸ் 3.1 நிரல்களை ஓட்ட வேண்டும் என்பதுதான் இலக்கு. முதலில் பாப் ஆம்ஸ்டாட் ஒருங்கிணைத்தார். 1994-இல் அலெக்சாண்டர் ஜூலியார் பொறுப்பேற்றார். 1.0 என்று எண் போட்டு வெளியிட 2008 ஜூன் வரைக்கும் ஆனது. பதினைந்து வருஷம் என்றதும் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோதே மூலமொழி மாறிக்கொண்டே இருந்தது. 1995-இல் விண்டோஸ் 95, அதையொட்டி விளையாட்டுகளுக்கென்றே டைரக்ட்எக்ஸ் என்று அடுக்கடுக்காக வந்தன. ஆவணத்தில் எழுதப்படாத கட்டளைகளும் ஏராளம். விண்டோஸில் உள்ள பிழைகளை நம்பியே எழுதப்பட்ட விளையாட்டுகளும் உண்டு. அவற்றை ஓட்ட வேண்டுமென்றால் அந்தப் பிழையையும் அப்படியே செய்து காட்ட வேண்டும். துரை உளறினால் உளறலோடு சேர்த்துப் புரிந்துகொள்வதும் கிராணி வேலைதானே.

இத்தனையும் மைக்ரோசாப்டின் மூல நிரலைப் பார்க்காமல் செய்தது. கேள்வியைக் கேட்டு, வருகிற பதிலைக் கவனித்து, அதே பதிலைத் தரும் நிரலைச் சொந்தமாக எழுதினார்கள். அந்த மூல நிரலைப் பார்த்தவர்களின் பங்களிப்பை வைன் ஏற்பதில்லை.

இந்தப் பக்கம் மலேசியாவில் அப்போது என்ன நடந்தது? பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் திருட்டு சீடி கிடைத்தது. அதைத் தடுக்க 2000-இல் ஒளிவட்டுச் சட்டமே வந்தது. பையன்கள் சிசி-யில் கவுண்டர் ஸ்ட்ரைக்கும் டோட்டாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2004-இல் அரசாங்கம் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு மைக்ரோசாப்ட், விலை குறைந்த கம்ப்யூட்டர்களுக்காக விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் எடிஷனை மலாய் மொழியில் கொண்டுவந்தது. அதில் ஒரே நேரத்தில் மூன்று நிரல்கள்தான் திறக்கும். நாலாவதைத் திறக்க முடியாது. கம்ப்யூட்டருக்குச் சக்தி இருந்தாலும் ஏழைக்கு இவ்வளவு போதும் என்று வேறொருவர் அளந்து கொடுத்தது அது. லினக்ஸில் அந்த அளவுகோல் இல்லை. ஆனால் கேமும் இல்லை. அதனால் சிசி பக்கம் அது வரவேயில்லை.

லினக்ஸுக்கு விளையாட்டுகளைக் கொண்டுவர இரண்டு கம்பெனிகள் முயன்றன. 1998-இல் தொடங்கிய லோக்கி, ஒவ்வொரு விளையாட்டாக உரிமம் வாங்கி லினக்ஸுக்கு மாற்றி எழுதி விற்றது. 2002 ஜனவரியில் கடையைச் சாத்தியது. டிரான்ஸ்கேமிங் வேறு வழியில் போனது. வைன் நிரலை எடுத்து, அதில் டைரக்ட்எக்ஸ் ஆதரவைச் சேர்த்து, மாதச் சந்தாவுக்கு விற்றது. வைனின் அன்றைய உரிமம் அதை அனுமதித்தது. சேர்த்ததைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயமும் இல்லை. 2002 மார்ச்சில் வைன் தன் உரிமத்தை எல்ஜிபிஎல்-க்கு மாற்றியது. அதன்பின் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விற்கலாம். ஆனால் வைனில் செய்த திருத்தத்தோடு அதை வெளியிட்டால் திருத்தத்தின் மூல நிரலையும் தந்தாக வேண்டும்.

கெடாக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. துரைமார் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுதுண்டாக்கி மறுபடி விற்க, தொழிலாளர்கள் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட காலத்தில்தான் 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணம் அது. சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில்தான் இருக்கிறது, புக்கிட் சிடிம். பலர் சேர்ந்து போட்டதை ஒருவர் தனியாகக் கொண்டுபோய்விடக் கூடாது என்ற கவலை இரண்டு இடத்திலும் ஒன்றே.

அடுத்த திருப்பம் ஒரு பெரிய கம்பெனியின் பயத்தால் வந்தது. விண்டோஸ் 8-இல் மைக்ரோசாப்ட் சொந்தக் கடையைத் திறந்தது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2012-இல் அதைப் பேரழிவு என்றே சொன்னார். 2013-இல் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015-இல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் பெட்டிகள் வந்தன, விற்கவில்லை. விளையாட்டு இல்லாத இடத்துக்கு யாரும் போகமாட்டார்கள் என்ற பழைய பாடம்தான்.

பூட்டைத் திறந்தவர் பிலிப் ரெபோலே. 'நியர்: ஆட்டோமேட்டா'வை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு, டைரக்ட்எக்ஸ் 11 கட்டளைகளை வல்கன் என்ற வரைகலை மொழிக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே-யை எழுதினார். வால்வ் அவரது வேலைக்கு ஆதரவு கொடுத்தது. வைனையும் டிஎக்ஸ்விகே-யையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் புரோட்டான் வெளிவந்தது. முதல் நாள் சோதித்து உறுதி செய்த பட்டியலில் 27 விளையாட்டுகள். இப்போது ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கருவி முழுக்க இதை நம்பித்தான் விற்பனைக்கு வந்தது.

எல்லாம் ஓடுமா? இல்லை. மோசடி ஆட்டத்தைப் பிடிக்கும் காவல் மென்பொருள்கள் சில, கிராணியை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. வேலரண்ட் ஓடாது. லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸை 2024 அக்டோபர் கடைசியில் கம்பெனியே மூடியது. இங்கே மொழிபெயர்ப்பு தோற்கவில்லை, அனுமதிதான் மறுக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய பிறகும் எந்தப் பெட்டியில் ஆடலாம் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். எக்ஸ்பி ஸ்டார்ட்டரின் அளவுகோல் வேறு ரூபத்தில் இன்னும் இருக்கிறது.

ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்களை இன்றைய 64-பிட் விண்டோஸ் திறக்காது. லினக்ஸில் வைன் அவற்றில் பலவற்றைத் திறக்கிறது. துரையே மறந்துபோன மொழியைக் கிராணி நினைவில் வைத்திருக்கிறார். இன்றைய விண்டோஸில் அந்தப் பழைய நிரல்களை ஓட்டச் சிலர் பயன்படுத்தும் ஓடிவிடிஎம் என்ற கருவியும் வைனின் நிரலிலிருந்து உருவானதுதான். இதனால் பிழைப்பது விளையாட்டு மட்டுமில்லை. யூனிகோடுக்கு முன்னால் தமிழ் எழுத நாம் பயன்படுத்திய மென்பொருள்களும் அந்தக் காலத்து விண்டோஸுக்கு எழுதப்பட்டவைதான். ஒரு பழைய மலரின் அச்சுக் கோப்பு யார் வீட்டு வட்டிலாவது கிடந்து, அதைத் திறக்கும் நிரலும் கூடவே இருந்தால், திறந்து பார்க்க இன்னும் ஒரு வழி இருக்கிறது.

அதனால் அந்தப் பையனிடம், ஓடும் தம்பி என்று சொல்லலாம். எது ஓடாது, யார் ஓடவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.